கால் நகப் பூஞ்சை: லேசருக்குப் போய்த் திரும்பிய கதை

மண்டபம் ஊரில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். விடியுமுன்பே ரப்பர் பூட்ஸ் மாட்டி ஐஸ் தண்ணீரில் நிற்கிற வேலை. வலது பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் மாவாக உதிர ஆரம்பித்தது. "உப்புத் தண்ணி படுற காலுக்கு ஒண்ணும் வராது மாப்ளே" என்றார் மாமா. அதைக் கேட்டு ஒரு வருடம் சும்மா இருந்தேன்.

அப்புறம் மதுரையில் ஒரு கிளினிக்கில் லேசர். நகத்தைச் சோதிக்கவே இல்லை, நேராக மெஷின்தான். 1064 நானோமீட்டர் ஒளி உள்ளே இறங்கிச் சூடாக்கிப் பூஞ்சையை வாட்டுமாம். சுருக்கென்று சூடு, அவ்வளவுதான். மாதம் ஒன்றாக நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. நகம் கொஞ்சம் தெளிந்தது, மூன்றே மாதத்தில் பழையபடி மஞ்சள்.

ராமநாதபுரத்தில் பார்த்த தோல் டாக்டர் முதலில் நகத்தைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பூஞ்சைதான். லேசர் நகத்தைத் தற்காலிகமாகத் தெளிய வைக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது என்றார். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்த பிறகே டெர்பினாஃபின் என்கிற பூஞ்சைக்கொல்லி மாத்திரை 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். மாத்திரை முடிந்தும் நகம் அசிங்கமாகவே இருந்தது. கால் நகம் மாதம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளருமாம்.

பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றி உலர்த்துகிறேன். பழைய நகவெட்டியைத் தூக்கிப் போட்டாச்சு. இது 14ஆவது மாதம், நுனியில் மட்டும் மஞ்சள் பாக்கி. மாமா போன வாரம் தன் காலை நீட்டி, "இது என்னன்னு பாரு மாப்ளே" என்றார்.