வெளியூர்ல நடக்கிற நடையை குரூப்போட பகிர்றது எப்படி: செட்டிநாட்டுத் தெருக்கள்ல 6 நாள்

எங்க வாட்ஸ்அப் நடை குரூப்ல 38 பேர் இருக்கோம், கோயம்புத்தூர், சென்னை, துபாய், சிங்கப்பூர், டொராண்டோன்னு ஆளாளுக்கு ஒரு ஊர், தினமும் நடந்துட்டு வந்து அன்னிக்கு நடந்ததை குரூப்ல போடணும், இருக்கிற ஒரே கட்டளை அதுதான். சொந்த ஊர்ல இது சுலபம், அதே பார்க், அதே டீக்கடை, ரெண்டு வரில முடிஞ்சிடும். வெளியூர் போனாதான் சிக்கல். ஒண்ணு 70 போட்டோவை மொத்தமா கொட்டிடுவோம், இல்லன்னா ஸ்டெப்ஸ் நம்பரை மட்டும் போட்டுட்டு டிபன் சாப்பிட போயிடுவோம், ரெண்டுலயுமே கூட நடந்த மாதிரி யாருக்கும் இருக்காது. போன தை மாசம் 6 நாள் செட்டிநாட்டுல இருந்தேன், 3 நாள் கானாடுகாத்தான், 3 நாள் காரைக்குடி. தினமும் நடந்து தினமும் பகிர்ந்ததுல எது நல்லா வந்துச்சு, எங்க தப்பு பண்ணினேன்னு எல்லாத்தையும் எழுதுறேன், அடுத்து எந்த ஊருக்குப் போறவங்களுக்கும் உதவும்.

முதல்ல யாருக்காக பகிர்றோம்னு ஒரு ஆளை மனசுல வச்சுக்கோங்க. எங்க குரூப்ல தேவகோட்டைல பிறந்து வளர்ந்த ஒரு ஆச்சி இருக்காங்க, இப்ப பெங்களூர்ல மகள் வீட்டுல, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் ஹாலுக்குள்ளயே கால் மணி நேரம் நடக்கிறாங்க. நான் முதல் நாள் மேப் படமும் 6.2 கிலோமீட்டர்னு நம்பரும் போட்டேன், எல்லாரும் கட்டைவிரல் தூக்கினாங்க, ஆச்சி மட்டும் ஒரு வாய்ஸ் அனுப்பினாங்க, "தம்பி, ஊருணில தண்ணி கெடக்கா?" அந்த ஒரு கேள்வில எனக்கு எல்லாம் புரிஞ்சுது. அவங்களுக்கு நான் எவ்வளவு தூரம் போனேங்கிறது வேண்டாம், அந்த ஊர் இப்ப எப்படி இருக்குன்னு தெரியணும். மறுநாள்லேர்ந்து நான் நடக்கும்போதே ஆச்சி என்ன கேப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன், பார்க்கிற பார்வையே மாறிடுச்சு.

நம்பர் போடாதீங்கன்னு சொல்லல, போடுங்க, ஆனா அதையே பெருசா எடுத்துக்காதீங்க. 10,000 ஸ்டெப்ஸ்ங்கிறதே 1965-ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணுற கருவியை விக்கிறதுக்கு வச்ச பேர்லேர்ந்து வந்ததுதான், "மான்போ கெய்"னா 10,000 எட்டு மீட்டர்னு அர்த்தம். டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணி வச்ச இலக்கு இல்ல அது. வெளியூர்ல நின்னு நின்னு பார்க்கிறப்ப 5,000 வந்தாலே போதும்.

நடக்கிற பாதையை முந்தின ராத்திரியே சின்னதா முடிவு பண்ணிக்கோங்க. செட்டிநாட்டு ஊர்கள்ல இது ரொம்ப வசதி, தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர் நேரா போகும், பெரிய வீடுங்க ஒரு தெருல முகப்பு வச்சு அடுத்த தெருல பின்வாசல் விடும். அதனால ஒரே ஒரு வீட்டைச் சுத்தி வர்றதே ஒரு நடைதான். கானாடுகாத்தான்ல ஒரு வீட்டோட பக்கச்சுவரை ஒட்டி முகப்புலேர்ந்து பின்வாசல் வரைக்கும் எண்ணிக்கிட்டே நடந்தேன், 140 எட்டு வந்துச்சு. அதை அப்படியே போட்டேன், "இந்த வீடு 140 எட்டு நீளம், உங்க தெருல 140 எட்டு வச்சா எத்தனை வீடு தாண்டுவீங்க, எண்ணிட்டு சொல்லுங்க"ன்னு. அன்னிக்கு மட்டும் 19 பேர் பதில் போட்டாங்க, சென்னைல ஒருத்தர் 11 வீடு தாண்டினாராம், டொராண்டோல ஒரு தங்கச்சி பனில நடந்து எண்ணிட்டு வந்து சொன்னா. ஆச்சி அவங்க ஹால்லயே போயிட்டு வந்து போயிட்டு வந்து 140 எட்டு வச்சாங்க, நடுவுல ஒரு தடவை உக்காந்தாங்களாம். நான் சொல்ல வர்றது இதுதான், நம்ம நடையைக் காட்டுறதோட நிறுத்தாம அவங்களையும் ஒரு எட்டு வைக்க வச்சிடணும்.

ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும் கிட்டப் போய் பாருங்க, மீதியை ஒரு வரில விடுங்க. நான் ஆத்தங்குடி போன அன்னிக்கு பெரிய வீட்டையும் பார்த்தேன், டிக்கெட் வாங்கி உள்ள போகலாம், அழகுதான், ஆனா குரூப்ல எழுதினது டைல்ஸ் பட்டறையைப் பத்தி மட்டும். ஒரு கண்ணாடி மேல இரும்புச் சட்டம் வைக்கிறாங்க, அதுக்குள்ள பூ போட்ட தகடு அச்சு, ஒவ்வொரு இதழுக்குள்ளயும் கலர் சிமெண்ட் கரைசலை சின்ன கரண்டியால ஊத்துறாரு ஒரு அண்ணன், கை நடுங்கவே இல்ல, சிவப்பு, பச்சை, மஞ்சள், அப்புறம் அச்சை நேரா மேல தூக்கினா கலரெல்லாம் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்குது, கலக்கவே இல்ல. மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவுறாங்க, அது ஈரத்தை உறிஞ்சிக்குது, அதுக்கு மேல ஈரக் கலவையை வச்சு கொத்தனார் கரண்டியால அழுத்தி மட்டம் பண்றாங்க. சூளையே கெடையாது, தண்ணித் தொட்டில ஊறப்போட்டு வெயில்ல காய வைக்கிறதுதான். கண்ணாடியிலேர்ந்து கழட்டுறப்ப பூ பக்கம் முகம் பார்க்கலாம் போல பளபளன்னு வருது, அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. இவ்வளவையும் 4 போட்டோ, ஒரு 40 செகண்ட் வீடியோ, 8 வரில போட்டேன். போட்டோ எடுக்கிறப்ப ஒரு தூரக் காட்சி, ஒரு கை வேலை, ஒரு பொருள், கடைசியா உங்க காலடி, இந்த நாலு இருந்தா போதும். காலடி எதுக்குன்னா, அந்த நாள் நடந்தது செம்மண்லயா சிமெண்ட் ரோட்லயான்னு பார்க்கிறவங்களுக்கு அதுல தெரிஞ்சிடும்.

இப்ப நான் பண்ணின தப்பு. மூணாவது நாள் காலைல ஒரு வீட்டு முகப்புல கஜலட்சுமி சுதைச் சிற்பம், பக்கத்துல தொப்பி வச்ச வெள்ளைக்கார சிப்பாய் பொம்மை, கீழ பெரிய தேக்குக் கதவுல கனமான பூட்டு, வெளிச்சம் சாய்வா விழுந்து அப்படி ஒரு அழகு. எடுத்த நிமிஷமே தெரு பேரோட போட்டுட்டேன், "வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்பாங்களாம், ஆளே இல்ல"ன்னு வேற எழுதினேன். பத்து நிமிஷத்துல ஆச்சிகிட்டேர்ந்து போனே வந்துடுச்சு, "தம்பி அதை எடுத்துருங்க, பூட்டுன வீட்டை ஊருக்குச் சொல்லக் கூடாது." அவங்க சொன்னது எவ்வளவு சரின்னு அப்பதான் உறைச்சுது. இங்க நிறைய வீடு அப்படித்தான், சொந்தக்காரங்க சென்னைலயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க, கல்யாணம், முன்னோர்களுக்குச் செய்யுற படைப்புன்னா கூடுவாங்க, மத்த நாள்ல ஒரு வாட்ச்மேன், அதுவும் எல்லா வீட்டுக்கும் இல்ல. உள்ள பர்மா தேக்கு, பழைய சாமான், ஓவியம்னு எல்லாம் இருக்கும், திருட்டுப் போனா திரும்ப வர்ற சாமானும் இல்ல. குரூப்ல இருக்கிற 38 பேரும் நல்லவங்கதான், ஆனா ஒரு போட்டோ எங்கெல்லாம் ஃபார்வர்ட் ஆகும்னு நம்ம கைல இல்ல.

அன்னிலேர்ந்து நான் கடைப்பிடிக்கிறது: நடந்துக்கிட்டு இருக்கிறப்ப எதையும் போட மாட்டேன், தங்குற இடத்துக்குத் திரும்பி குளிச்சு சாப்பிட்டுட்டுதான் போடுவேன். ஊர் பேர் சொல்வேன், தெரு பேர் வீட்டு விலாசம் சொல்ல மாட்டேன். ஆள் இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அரண்மனை, கோயில், ஊருணி, ஆயிரம் ஜன்னல் வீடு இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச இடம், அதுல பிரச்சினை இல்ல. இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல போட்டோவை போட்டோவாவே அனுப்புங்க, குவாலிட்டி குறையுதேன்னு டாக்குமெண்டா அனுப்பினா எடுத்த இடத்தோட லொகேஷனும் சேர்ந்தே போயிடும். ஸ்ட்ராவா மாதிரி ஆப்ல மேப் பகிர்றவங்க, நடை தொடங்குற இடமும் முடியுற இடமும் மறைக்கிற செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணுங்க, இல்லன்னா நீங்க தங்கியிருக்கிற வீட்டை நீங்களே காட்டிக் கொடுத்த மாதிரி. 2018-ல அந்த ஆப்போட உலக மேப்ல ராணுவ முகாமுக்குள்ள வீரர்கள் ஓடின பாதையெல்லாம் வெளிச்சமா தெரிஞ்சு பெரிய செய்தியாச்சு, அவங்களுக்கே அப்படின்னா நமக்கு எப்படின்னு யோசிச்சுக்கோங்க.

பாதுகாப்புக்கு லைவ் லொகேஷன் வேணும்தான், குறிப்பா தனியா போற பெண்களுக்கு, ஆனா அதை குரூப்புக்கு அனுப்பாம வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் அனுப்புங்க. 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு மூணு அளவு இருக்கும், 1 மணி நேரம் சரியா இருக்கும். போன்ல பேட்டரி சேமிப்பு ஆன்ல இருந்தா நடை எண்ணுற ஆப் பாதில தூங்கிடும், அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்து விடுங்க. உசந்த சுவருக்கு நடுவுல சந்துல போறப்ப ஜிபிஎஸ் கோடு கன்னாபின்னான்னு வளையும், பட்டறைல அரை மணி நேரம் நின்னாலும் தூரம் ஏறிக்கிட்டே இருக்கும், நிக்கிறப்ப நிறுத்தி வைங்க. ஊருக்கு ஊர் நடுவுல சிக்னல் விட்டுவிட்டுதான் வரும், மேப்பை ராத்திரியே டவுன்லோட் பண்ணிக்கோங்க.

எப்ப போடுறதுன்னும் ஒரு கணக்கு இருக்கு. இங்க காலை 6 மணின்னா சிங்கப்பூர்ல 8:30, துபாய்ல 4:30, டொராண்டோல பனிக்காலத்துல முந்தின நாள் சாயங்காலம் 7:30. நான் 6 மணிக்குக் கிளம்பி 7:30-க்குத் திரும்பி 9 மணி வாக்குல போட்டேன், துபாய்க்காரங்க ஆபீஸ் கிளம்புறப்ப பார்த்தாங்க, டொராண்டோக்காரங்க தூங்குறதுக்கு முன்னாடி பார்த்தாங்க. தை, மாசின்னா 8 மணி வரைக்கும் கூட நடக்கலாம், சித்திரைல போறவங்க 7 மணிக்குள்ள முடிச்சிடுங்க, அந்த செம்மண் பூமி வெயில் விளையாட்டு இல்ல, குடையும் தண்ணியும் இல்லாம கிளம்பாதீங்க.

ஆளுங்களைப் படம் எடுக்கிறப்ப முதல்ல பேசுங்க, அப்புறம் கேளுங்க. திண்ணைல உக்காந்திருக்கிற பெரியவங்ககிட்ட "ஐயா, இந்த வழி ஊருணிக்குப் போகுமா"ன்னு கேட்டாலே பேச்சு தொடங்கிடும், எந்த ஊரு, என்ன வேலைன்னு அவங்களும் கேப்பாங்க, நல்லா பதில் சொல்லுங்க. வாட்ச்மேன் அண்ணன் உள்ள விட்டா, வளவுன்னு சொல்ற நடு முற்றம் வரைக்கும் பார்த்துட்டு வாங்க, சாமி அறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. முகம் தெரியுற படத்தை குரூப்ல போடலாமான்னு தனியா கேளுங்க, எடுக்கிறதுக்குச் சரின்னு சொன்னவங்க போடுறதுக்கும் சரின்னு சொன்னதா ஆகாது.

வாய்ஸ் நோட்டை நிறைய பேர் மறந்துடுறாங்க, எனக்கு அதுதான் எல்லாத்தையும் விட பிடிச்சது. கண்ணு சரியா தெரியாதவங்களும் கேக்கலாம், சமையல் பண்ணிக்கிட்டே கேக்கலாம். 40 செகண்ட் போதும், முதல்ல எந்த ஊர், எத்தனை மணின்னு சொல்லிட்டு பேசாம போனைக் கீழ பிடிச்சுக்கிட்டு நடங்க. மயில் கத்துற சத்தம், கோலம் போட வாசல் தெளிக்கிற சத்தம், பணியாரக் கல்லுல எண்ணெய் ஊத்துறப்ப வர்ற சத்தம், எல்லாம் அதுல வந்துச்சு. காத்து அடிச்சா மைக் மேல கைக்குட்டையை ஒரு மடிப்பு போட்டுக்கோங்க.

நாலாவது நாள் காரைக்குடிலேர்ந்து குன்றக்குடி போயிருந்தேன். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியாருங்க, காவடியோட பழனிக்கு நடக்கிறதுக்கு அங்கதான் வந்து கூடுவாங்க, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு தைப்பூசத்துக்கு நடந்தே போய்ச் சேருவாங்க, தலைமுறை தலைமுறையா நடக்குது. அன்னிக்கு நான் மலைப்படி ஏறினதை விட அதைப் பத்தி எழுதினதுதான் குரூப்ல ரொம்ப நேரம் ஓடுச்சு, ஏன்னா ஆச்சியோட அப்பா வருஷா வருஷம் அந்தக் காவடில நடந்தவராம், கால்ல கொப்புளத்துக்கு என்ன தடவுவாங்க, ராத்திரி எங்க தங்குவாங்கன்னு 6 வாய்ஸ் அனுப்பினாங்க. அதனால நீங்க போட்டதுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரம் போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க. பதில் வர்றப்ப இருக்கணும்.

ஊருணியைக் கடைசி நாளைக்குன்னு வச்சிருந்தேன். ஆச்சிக்கு பிறந்த ஊர் தேவகோட்டைங்கிறதால காரைக்குடிலேர்ந்து பஸ் ஏறி அங்கயே போயிட்டேன், படில உக்காந்து போன்ல எதுவும் பேசாம தண்ணியை மட்டும் ஒரு நிமிஷம் எடுத்தேன், மழை நல்லா பெஞ்ச வருஷம், மூணு படி தான் வெளிய தெரிஞ்சுது, மீதி தண்ணிக்குள்ள. திரும்பி வந்து போட்டேன், "ஆச்சி, தண்ணி கெடக்கு"ன்னு மட்டும் எழுதினேன். சாயங்காலம் பதில் வந்துச்சு, மேலேர்ந்து எத்தனையாவது படி வரைக்கும்னு எண்ணிச் சொல்லுன்னு கேட்டிருந்தாங்க. நான் வீடியோவை நிறுத்தி எண்ணிட்டுச் சொன்னேன்.