மைனஸ் உலகத்துக்குப் போகும் வழி

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முதல் டீவி கேம் வந்தது 1998 தீபாவளிக்கு. கொழும்பில் புடவைக் கடையில் நின்ற மாமா வாங்கி வந்தார். கேம் இருக்கும் கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருந்தது. நானும் தம்பியும் பொறுமையாக எண்ணிப் பார்த்ததில் எட்டுத்தான் தேறியது. மிச்சமெல்லாம் அதே எட்டை வேறு வேறு இடத்தில் தொடங்க வைத்துப் பெயரை மாற்றியவை. அந்த எட்டில் ஒன்று சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அதில் 'மைனஸ் ஒன்று' என்று ஓர் உலகம் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு அண்ணன் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. புளுகுவதில் அவருக்கு ஊரில் பெயர் இருந்தது.

ஆனால் இது மட்டும் உண்மை. தம்பி மகனுக்குப் போன லீவில் சொல்லிக்கொடுத்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெஷின். எங்கள் ஹட்டன் மலைப்பக்கத்து மூடுபனிக்கு கேசட்டின் செப்புப் பற்கள் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். வாயால் ஊதாதீர்கள். நாங்கள் வருசக்கணக்கில் ஊதினோம், எச்சில் ஈரம் பட்டு இன்னும் மோசமானதுதான் மிச்சம். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். எங்கள் அம்மா மழைக்காலத்தில் கேசட்டைத் துணியில் சுற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார், கருவாட்டுக்குப் பக்கத்தில். வாசம் போகவில்லை, ஆனால் கேம் ஓடியது. கன்ட்ரோலரில் டர்போ பொத்தான் (தானாகவே படபடவென்று அமுக்குவது) இருந்தால் அதைத் தொட வேண்டாம். பட்டியலில் எத்தனை மாரியோ இருந்தாலும், 1-1இல், அதாவது முதல் உலகத்தின் முதல் கட்டத்தில், தொடங்குவதை எடுங்கள்.

1-1இல் காளான் எடுத்துப் பெரிய ஆளாகி 1-2க்குப் போங்கள். அது நிலத்தடி. வழியில் அடிபட்டுச் சின்னவனாகிவிட்டால் திரும்பத் தொடங்குவதே மேல், ஏனென்றால் சின்ன மாரியோவால் செங்கல் உடைக்க முடியாது. கடைசியில் ஏறி இறங்கும் லிஃப்டுகளைத் தாண்டினால், படுத்த மாதிரி வாய் திறந்திருக்கும் ஒரு குழாயும், அதோடு ஒட்டி மேலே போகும் நெட்டுக்குழாயும் தெரியும். விசயம் தெரிந்தவர்கள் இங்கே கூரைமேல் ஏறி ஓடி, பிந்தைய உலகங்களுக்கு நேரே தாவ வைக்கும் குழாய்கள் உள்ள வார்ப் ஜோனுக்குப் போவார்கள். நாம் அப்படிப் போகப் போவதில்லை. சுவருக்குள்ளாலேயே போகப் போகிறோம்.

படுத்த குழாயின் மேல் ஏறுங்கள். வாய்க்கு நேரே நடந்தால் உள்ளே போய்விடுவான், கவனம். தலைக்கு மேலே செங்கல் வரிசை இருக்கும். நெட்டுக்குழாயை ஒட்டிய செங்கலை விட்டுவிட்டு, அடுத்த இரண்டை மட்டும் முட்டி உடையுங்கள். ஒட்டியதையும் உடைத்துவிட்டால் வேலை கெட்டது.

இனித்தான் கை வேலை. குழாயின் இடது ஓரத்துக்கு வந்து, முகம் இடது பக்கம் பார்க்க நில்லுங்கள். கீழ்ப் பொத்தானை அமுக்கிக் குந்த வையுங்கள். குந்தியபடியே குதித்து, காற்றில் இருக்கும்போது வலது பொத்தான். முகம் இடப்பக்கம், உடம்பு வலப்பக்கம்: பின்னாலேயே குதிக்கிற மாதிரி. மிச்சம் வைத்த செங்கலின் மூலையும் குழாயும் சேரும் இடத்தில் சரியாக மாட்டினால், மாரியோ சுவருக்குள் வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் போவான். முதல் தடவை பார்க்கும்போது மெஷின் பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். தம்பி பயத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டான், அன்றைக்கு அவனுக்கு விழுந்த குட்டு இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. தவறினால் குழாய் மேலேயேதான் விழுவான், நேரம் இருக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கலாம். எனக்குக் கைவர ஒரு வாரம் ஆனது.

சுவரைத் தாண்டியதும் மூன்று குழாய்கள். வார்ப் ஜோனுக்கு வரவேற்கும் எழுத்து இன்னும் திரையில் வந்திருக்கக் கூடாது. அதற்குள் முதல் குழாயில், அதாவது இடது பக்கக் குழாயில், இறங்குங்கள். வலதுக் குழாயும் அதே இடத்துக்குத்தான் போகும், இடது கிட்டத்தில் இருக்கிறது. நடுக்குழாய் 5-1க்குக் கொண்டுபோகும். எழுத்து வந்துவிட்டால் வழக்கமான 4, 3, 2ஆம் உலகங்கள்தான்.

ஏன் இப்படி? வார்ப் ஜோன் குழாய்களுக்கு உலக எண்ணை மெஷின் முன்கூட்டியே வைத்திருப்பதில்லை. திரை நகர்ந்து அந்த இடத்துக்கு வந்தபிறகுதான் 4, 3, 2 என்று நிரப்புகிறது. நாம் சுவருக்குள்ளால் வந்ததால் திரை அவ்வளவு தூரம் நகரவில்லை. அதனால் பிற்பாடு 4-2இல் வரும் ஒற்றைக் குழாய்க்கான எண்களே அங்கே கிடக்கின்றன: நடுவில் 5, இரண்டு பக்கமும் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில்தான் சுவாரசியம். இந்தக் கேமில் எழுத்துருக்களுக்கு வரிசை எண் உண்டு. 0 முதல் 9 வரை இலக்கங்கள், 10 முதல் 35 வரை ஆங்கில எழுத்துகள் இருபத்தாறு, 36 வெறும் வெற்றிடம். குழாயோ தன் மேல் காட்டும் எழுத்துருவின் எண்ணையே உலக எண்ணாக எடுத்துக்கொள்கிறது. ஆக நாம் போவது 36-1. முப்பத்தாறை எழுதச் சொன்னால் மெஷின் வெற்றிடம் எழுதுகிறது, பக்கத்தில் இருக்கும் கோடும் 1உம் மட்டும் தெரிகின்றன. மைனஸ் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. பள்ளிக்கூட அண்ணனுக்கு இதைச் சொல்லியிருந்தால் மனம் உடைந்திருப்பார்.

உள்ளே 7-2 மாதிரியே ஒரு தண்ணீர் உலகம். கடைசிக் குழாயில் நுழைந்தால் திரும்பவும் தொடக்கத்துக்கே வருவீர்கள். உயிர் தீரும்வரை நீந்தலாம், அவ்வளவுதான். ஜப்பானில் 1986இல் வந்த டிஸ்க் பதிப்பில் மட்டும் இது மூன்று கட்டங்களாக வந்து முடிவும் உண்டு. முதலாவதில் இளவரசி தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருப்பாள்.

உயிர் சேர்க்க ஆசைப்பட்டால் 3-1 முடியும் இடத்துப் படிக்கட்டில் ஆமையை மிதித்து, ஓடு படியில் மோதித் திரும்பத் திரும்ப வர, அதன் மேலேயே குதித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் 127ஐத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் போனதை மெஷின் கழித்தல் எண்ணாகப் படிக்கும், அடுத்த சாவில் கேம் முடிந்துவிடும். தோற்றால் முதல் திரையில் ஏ பொத்தானைப் பிடித்தபடி ஸ்டார்ட் அமுக்குங்கள், செத்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடரலாம். கரண்ட் போனால் அதுவும் போச்சு.

இது வரை தவறிப்போய்த் திறந்த கதவு. செய்துவிட்டு மூடிய கதவும் உண்டு. 1992இல் வந்த சோனிக் 2 என்ற இன்னொரு கேமில் ஹிடன் பேலஸ் என்று ஓர் உலகம் தொடங்கி, முடிக்காமல் விட்டார்கள். இசை மட்டும் கேசட்டிலேயே தங்கிவிட்டது. ஆப்ஷன்ஸில், கேமின் ஒலிகளை எண் போட்டுக் கேட்கும் சவுண்ட் டெஸ்டுக்குப் போய் 19, 65, 09, 17 என்று வரிசையாக ஒலிக்கவிட்டு, முதல் திரைக்கு வந்து ஏ பிடித்து ஸ்டார்ட் அமுக்கினால் எந்தக் கட்டத்துக்கும் போகலாம், இதற்கு மட்டும் முடியாது. அந்த எண்கள் புரோகிராமர் யூஜி நாக்காவின் பிறந்த தேதி, 1965 செப்டம்பர் 17.

2013இல் போனுக்கு வந்த பதிப்பில் அந்த உலகத்தை முடித்துச் சேர்த்துவிட்டார்கள். வழி எங்கே தெரியுமா? அதே கேமில் மிஸ்டிக் கேவ் என்ற உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் முள் நிறைந்த ஒரு குழி உண்டு, விழுந்தால் ஏற முடியாது, எல்லாரும் திட்டித் தீர்த்த குழி. அதில் விழ வேண்டும். மருமகனிடம் இதை நான் சொல்லவே இல்லை. அவன் பாட்டுக்கு விழுந்துவிட்டுக் கேட்டான்: "அத்தை, நான் சாகலையே, இது எந்த ஊரு?"