கண்வலி விதை உள்ள வீட்டில் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை

தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கப்படும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், மருந்து நிறுவனங்களுக்காகவே பயிரிடப்படுகிறது. அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் மிகச் சிறிய அளவில் மூட்டுவலிக்கும் இதய நோய்க்கும் பயன்படுகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, தோட்டத்தில் இருப்பதையே சிறிது சாப்பிட்டுப் பார்க்கலாமே என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

ஆய்வுச் செய்தி எதுவாயினும் முதலில் அதில் சொல்லப்படும் அளவைக் கவனியுங்கள். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 மில்லிகிராம் கொடுத்ததற்கு இணையான பலன் கிடைக்கிறது என்றும், கூடுதல் அளவு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது என்றும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இதய நோயாளிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே கொடுக்கப்பட்டு, மாரடைப்பு போன்ற பாதிப்புகள் குறைந்தன. ஆனால் மாரடைப்பு வந்த உடனே மருந்தைத் தொடங்கிப் பார்த்த 2024ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் அத்தகைய பலன் தெரியவில்லை. இனி விதையைக் கணக்கிடுவோம். அதில் அரை விழுக்காடு கோல்ச்சிசின் என்று குறைத்து மதிப்பிட்டாலும், ஒரு கிராம் விதையில் 5 மில்லிகிராம், அதாவது பத்து மாத்திரைக்குரிய மருந்து இருக்கிறது. ஏழு மில்லிகிராமிலேயே உயிரிழப்பு நேர்ந்ததாக மருத்துவ நூல்களில் பதிவு உண்டு. விதைக்கு விதை இந்த அளவு மாறும் என்பதால், கையால் அள்ளிப் பாதுகாப்பான அளவைத் தீர்மானிக்க எவராலும் முடியாது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் நஞ்சு அழிவதில்லை. சித்த மருத்துவத்திலும் கார்த்திகைக் கிழங்கு எனப்படும் இதே கிழங்கு, சுத்தி செய்தே, அதாவது நஞ்சைத் தணிக்கும் முறைக்கு உட்படுத்தியே சேர்க்கப்படுகிறது. அது சேர்ந்த மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று அரசு விதியும் கூறுகிறது.

வீட்டைப் பொறுத்தவரை, எனக்கு மிகுந்த கவலை தருவது விதை மூட்டைதான். விலை ஏறட்டும் என்று அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே அதை அடுக்கிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். தனி அறையில் பூட்டிவையுங்கள், விதை அளந்த படியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். காய் வெடித்ததும் தெரியும் செம்மஞ்சள் விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும் என்பதால், காயவைக்கும் களத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கலப்பை வடிவக் கிழங்கை உண்ணும் கிழங்குகளோடு சேர்த்து வைக்காதீர்கள். கழிவை ஆடுமாடுகள் மேயும் இடத்தில் கொட்டாதீர்கள். காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டுவைக்கும் பெண்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்னரே சாப்பிட வேண்டும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்து கோல்ச்சிசின் மாத்திரை சாப்பிடுவோர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற சில மருந்துகள் கோல்ச்சிசினை உடலில் தேங்கச் செய்வதால், வேறு எந்த மருந்து எழுதும்போதும் இந்த மாத்திரையைக் காட்ட வேண்டும்.

யாராவது விதையையோ கிழங்கையோ தின்றுவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்காதீர்கள். கோல்ச்சிசின் உயிரணுப் பிரிவைத் தடுப்பதால் குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிபடுகின்றன. வாந்தியும் பேதியும் பல மணி நேரம் கழித்தே தொடங்கலாம், அவை சற்றுத் தணிந்தது போலத் தோன்றிய பிறகும் உறுப்புகள் செயலிழக்கக்கூடும். வழக்கமாகக் கிடைக்கும் முறிவு மருந்து இதற்கு இல்லை, இரத்தச் சுத்திகரிப்பாலும் இந்த நஞ்சை வெளியேற்ற இயலாது. எனவே உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே 108க்கு அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மீதமிருக்கும் விதையையும் எடுத்துச்சென்று, தின்ற நேரத்தையும் ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.