பாத்ரூம் ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஊதுபத்தி கொளுத்துங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியாவுல எங்க வீடு 1960கள்ல கட்டின கவுன்சில் (நகராட்சி) வீடு, பாத்ரூம் சின்னது, ஜன்னல் அதவிட சின்னது. ஜனவரி பிப்ரவரி டர்பன் புழுக்கத்துல ஒருத்தர் குளிச்சிட்டு வந்தா செவுரு பூரா வேர்த்து வழியும், சீலிங் மூலையில கருப்பு கருப்பா பூஞ்சை, ஆயா (எங்க பாட்டி) வாராவாரம் பிளீச் போட்டு தேய்ப்பாங்க, அது அடுத்த வாரமே திரும்பி வந்து ஒக்காந்துக்கும். சரின்னு ஈரக்காத்த வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு வாங்கி மாட்டுனோம், நல்லா சத்தம் போட்டுச்சு, பூஞ்சை மட்டும் போகல. ஆறு மாசம் கழிச்சு கீசர் வால்வு மாத்த பிளம்பர் ரூஃபுக்குள்ள, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல, ஏறுனப்ப தான் தெரிஞ்சுது, மாட்டுன ஆளு பைப்பே போடல, ஆவி அத்தனையும் ரூஃபுக்குள்ள போயி கட்டையெல்லாம் ஊறி கிடக்கு. ஃபேன் காசும் போச்சு, சீலிங் போர்டும் போச்சு.

அதனால நான் சொல்ற வரிசை கடையில சொல்ற வரிசை இல்ல. மொதல்ல காத்து போற வழி, ஃபேன் அப்புறம்.

படி 1: காத்து உள்ள வருதா?

பாத்ரூம் கதவ சாத்திட்டு வெளிய நின்னு கதவுக்கு அடியில ஊதுபத்தி புகைய காட்டுங்க, உள்ள போக வழி இருக்கான்னு பாருங்க. கீழ ஒரு விரல் தடிமன், அதாவது 1 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கணும். உள்ள காத்து வர வழியில்லன்னா எவ்ளோ பெரிய ஃபேன் போட்டாலும் சும்மா சுத்தும், வெளிய தள்ள அதுக்கு காத்து வேணும்ல. எங்க வீட்டுல புது டைல்ஸ் ஒட்டுனதுல அந்த இடைவெளியே காணாம போச்சு, கதவ கழட்டி அடியில சீவ வேண்டியதா போச்சு. (ஃபேன் மாட்டுனப்புறம் இதே ஊதுபத்திய திரும்ப காட்டுங்க, புகை சர்ருனு உள்ள இழுக்கணும்.)

படி 2: எந்த வழியா வெளிய?

பாத்ரூமுக்கு வெளிச்செவுரு இருந்தா யோசிக்கவே வேணாம், செவுத்துலயே ஓட்டை போட்டு மாட்டுங்க, பைப் நீளம் ஒரு அடி கூட வராது. செவுரு இல்லன்னா தான் சீலிங், அப்பவும் பைப்ப வீட்டுக்கு வெளிய வரைக்கும் கொண்டு போகணும், ரூஃபுக்குள்ள விட்டுட்டா ராத்திரி குளிர்ல ஆவி கூரை அடியில பட்டு தண்ணியாகி திரும்ப உங்க சீலிங் மேலயே சொட்டும். நம்ம பக்கம் பழைய வீடுங்க நெறைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 2008ல நாட்டுல தடை பண்ணிட்டாங்க ஆனா பழைய கூரை அப்படியே தான இருக்கு, அதுல நீங்களா டிரில் போடாதீங்க, அந்த தூசி நுரையீரலுக்கு விஷம்.

வளையுற பைப் போட்டா நல்லா இழுத்து நேரா போடுங்க. தொளதொளன்னு மடிஞ்சு கிடந்தா பாதி காத்து அதுலயே செத்துடும்.

படி 3: கணக்கு

நீளம், அகலம், உயரம் மூணையும் மீட்டர்ல அளந்து பெருக்குங்க. எங்களது 2.5 × 1.8 × 2.4, அதாவது 10.8 கன மீட்டர். குளிக்கிற ரூம்ல ஒரு மணி நேரத்துக்கு 10 தடவை காத்து மாறுனா நல்லது, அப்ப மணிக்கு 108 கன மீட்டர். பெட்டியில வினாடிக்கு லிட்டர்னு போட்டிருந்தா அத 3.6ஆல பெருக்கிக்கங்க, 30 லிட்டர்னா அதே 108 தான். சாதா 4 இஞ்ச் ஃபேன் பெரும்பாலும் மணிக்கு 80லேருந்து 100 கன மீட்டர் தான் இழுக்கும், அதுவும் பைப் மாட்டாம அளந்த கணக்கு, அதனால நாங்க ஒரு சைஸ் கூட்டி 5 இஞ்ச் எடுத்தோம்.

படி 4: எந்த மாதிரி

செவுத்துல நேரா போறதுக்கு காத்த நேரா தள்ளுற சாதா ஆக்ஸியல் ஃபேன் போதும். பைப் ரெண்டு மீட்டருக்கு மேல போனா, வளைவு வேற இருந்தா, அது திணறும், அங்க காத்த சுழட்டி அழுத்தமா தள்ளுற சென்ட்ரிஃபியூகல் ஃபேன், இல்லன்னா பைப்புக்கு நடுவுல மாட்டுற இன்லைன் ஃபேன் வாங்குங்க. சத்தம் டெசிபல் எவ்ளோன்னும் பாருங்க, ரொம்ப சத்தம் போட்டா வீட்டுல யாராச்சும் கண்டிப்பா ஆஃப் பண்ணிடுவாங்க, எங்க ஆயா பண்ணாங்க.

டைமர் இருக்கறது வாங்குறது தான் என் கட்சி. லைட்ட அணைச்சப்புறமும் 15 நிமிஷம் ஓடட்டும், செவுத்துல இருக்கற ஈரம் அப்ப தான் போகும். ஈரத்த பாத்து தானா ஓடுற சென்சார் வேற இருக்கு, ஆனா டர்பன் கோடையில வெளிக்காத்தே ஈரம்ங்கறதால சிலது நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். கரண்ட் பில்லுக்கு பயப்படாதீங்க, 15 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடுனா மாசத்துக்கு அரை யூனிட் கூட வராது.

படி 5: மாட்டுறது

ஷவர் பக்கம்னா பெட்டியில ஐபிஎக்ஸ்4 (IPX4, தண்ணி தெறிச்சா தாங்கும்னு அர்த்தம்), இல்லன்னா அதுக்கு மேல இருக்கணும். வயரிங்க பதிவு பண்ண எலக்ட்ரீஷியன் தான் செய்யணும், முடிச்சதும் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க, வீடு விக்கிறப்ப கேப்பாங்க. எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஓட்டுற வேலையே வேணாம்.

வெளிப்பக்கம் காத்து திரும்பி வராத ஷட்டர் போடுங்க, கடல் பக்கத்து வீடுன்னா பிளாஸ்டிக் கிரில் எடுங்க, சீப்பான இரும்பு உப்புக்காத்துல சீக்கிரம் துருப்பிடிச்சுடும். அப்புறம் மைனா. இங்க ஒரு ஓட்டை கெடச்சா போதும், வைக்கோலும் சிப்ஸ் கவரும் கொண்டாந்து கூடு கட்டிடும், அதனால கம்பி வலை ஒண்ணு சேத்து அடிச்சுடுங்க, ரொம்ப பொடிக்கண் வலை வேணாம், தூசி அடைச்சிக்கும்.