மாணவருக்குத் தரும் தலைப்பில் முதலில் நீங்கள் எழுதுங்கள்

ஆசிரியர் பயிற்சியின்போது சிறுவர் கதை எழுதி ஒப்படைக்கும் இடுபணி வந்தால், பெரும்பாலோர் அதைக் கடைசி வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். மலேசியாவின் பினாங்குத் தீவில் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்த ஒரு கதை ஐந்து வாரங்களை எடுத்துக்கொண்டது. எழுத உட்கார்ந்து எழுத்து வராமல் விழிக்கும் பிள்ளையின் நிலை எப்படிப்பட்டது என்று அந்த ஐந்து வாரங்களில்தான் எனக்கு விளங்கியது. உங்களுக்கும் அந்தப் பயன் கிடைக்க வேண்டுமென்றால், இடுபணியைப் பின்வருமாறு செய்து பாருங்கள்.

ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய தலைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தது ‘நான் காத்திருந்த ஒரு மாலை’. இரண்டு பாடவேளை, அதாவது அறுபது நிமிடம், கட்டுரைப் புத்தகமும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பேனா நின்ற இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். எனக்குப் பதினொரு கோடுகள் விழுந்தன. பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, சொல் கிடைக்காமல் நின்ற இடம் இரண்டே இரண்டுதான். மற்ற ஒன்பதிலும் அடுத்து என்ன நடந்தது என்பது எனக்கே தெரியாமல் நின்றிருக்கிறேன். நாமோ கட்டுரை வகுப்பில் முதலில் பலகையில் எழுதிப் போடுவது சொற்பட்டியலை.

முதல் பத்தியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாலை நேரத்தில் நடக்கும் என் கதை, ‘கதிரவன் தன் பொற்கரங்களை விரித்து’ என்று காலைப் பொழுதில் தொடங்கியிருந்தது. ஆறாம் ஆண்டின் இறுதியில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளித் தேர்வுக்காக மனனம் செய்த வாக்கியம் அது. தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது, வாக்கியம் கைவிரலில் அப்படியே இருக்கிறது. இத்தகைய தொடக்கத்தைப் பிள்ளைகளின் ஏட்டில் காணும்போது கடிந்துகொள்ளாதீர்கள். வெற்றுத்தாளைக் கண்டு அஞ்சும் கை, முதலில் அகப்பட்டதைப் பற்றிக்கொள்கிறது. என் கையும் அதைத்தான் செய்தது. அந்த வரியை அடித்துவிட்டு, கதையில் வருபவர் எங்கே நிற்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுங்கள்.

என் கதையில் ஒரு சிறுவன் வெல்ட் கீ படகுத்துறையில் நிற்கிறான். எதிர்க்கரையிலுள்ள பிறை என்னும் ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி என்னும் பயணப் படகில் அம்மா வர வேண்டும். கதையின் முதல் படியில், அதாவது முதல் வரைவில், ‘அவன் நெடுநேரம் காத்திருந்தான்’ என்று எழுதியிருந்தேன். மூன்றாம் படியில் அவன் கையில் அம்மாவுக்காக வாங்கிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைக் கொடுத்தேன். முதல் ஃபெரி கரை சேர்ந்தபோது பொட்டலத்தின் அடிப்பக்கம் உள்ளங்கையைச் சுட்டது. அடுத்தது வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடுத்தது வருவதற்குள் சம்பல் எண்ணெய் தாளைத் தாண்டி விரலில் ஒட்டியிருந்தது. ‘நெடுநேரம்’ என்ற சொல்லுக்கு அதன்பின் வேலையே இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான், தேர்வுக்காகப் படித்த திணை இலக்கணத்தின் முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அங்குள்ள உணவு, தொழில், பறவை போன்றவை) உரிப்பொருளும் (அதற்குரிய உணர்வு) எழுதுகிறவருக்கும் உதவும் என்று கண்டேன். கடற்கரை, மாலை, பிரிந்தவரை எண்ணிக் கலங்கும் மனம். கடற்கரை நிலமாகிய நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம்; அதன் உரிப்பொருள் இரங்கல். தெரியாமலே நெய்தல் திணையில் நின்று எழுதியிருக்கிறேன். உங்கள் கதைக்கும் நிலம், பொழுது, அங்குள்ள உணவு, தொழில், பறவை, ஓசை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுள் கதைக்குத் தேவையான இரண்டை மட்டும் எடுங்கள். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816இல். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வகுப்பைக் கண்ட இந்தத் தீவில், ஜெட்டியையும் (படகுத்துறை) பசார் மாலாமையும் (இரவுச் சந்தை) தமிழில் எழுதலாம் என்று பிள்ளைகளுக்கு இன்னும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உரையாடலை எழுதியதும் வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். ‘அம்மா, தாங்கள் ஏன் தாமதமாக வந்தீர்கள்?’ என்று நான் படித்ததும், என் தம்பி “யாரு அக்கா அப்படிப் பேசுவாங்க?” என்று கேட்டான். ‘மா, சூடு போயிருச்சு’ என்று மாற்றினேன். கதை சொல்லும் வரிகளை எழுத்துத்தமிழிலும், மேற்கோள் குறிக்குள் வருவதைப் பேசுவோரின் வாய்மொழியிலும் வைத்துக்கொள்ளலாம். தேர்வுக் கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போகலாம். அந்த வேறுபாட்டை ஒளிக்காமல் மாணவரிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

அடுத்து, எழுதியதை ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். என் விரிவுரையாளர் திருப்பித் தந்த படியில் சிவப்பு வட்டங்கள் இருபத்துமூன்று. ‘பொட்டலத்தை பிடித்தான்’ என்று ஒற்று விட்டது போன்ற பிழைகளே மிகுதி. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி இருந்தது: ‘அம்மா வராமலே போயிருந்தால் இவன் என்ன செய்வான்?’ வட்டங்களைக் கால் மணி நேரத்தில் திருத்திவிட்டேன். அந்தக் கேள்விக்காகக் கதையின் பின்பாதி முழுவதையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மாணவரின் முதல் படியில் நான் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை. கதையைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன். ஒற்று மிகும் இடங்கள் போன்ற திருத்தங்களெல்லாம் இரண்டாம் படிக்கு உரியவை. பிழையைக் கண்டும் விட்டுவைக்கத் தொடக்கத்தில் கை உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் பயிற்றுப்பணிக்குச் செல்லும்போது, உங்கள் அடித்தல் திருத்தல்களோடு கூடிய முதல் படியையே மாணவருக்குக் காட்டுங்கள். சுத்தமாகத் தட்டச்சு செய்த படி வேண்டாம். அவர்களும் பேனா நின்ற இடத்தில் கோடு போடட்டும். வகுப்பு முடிந்ததும் அந்தக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் அவை பெரும்பாலும் இரண்டாம் பத்தியின் தொடக்கத்தில் விழுந்தன. ஆகவே இப்போது முதல் பத்தி முடிந்ததும் எல்லாரையும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, ‘அவன் கையில் என்ன இருக்கிறது?’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன்.