வரிமரத் தட்டு: சாயம் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

புலிவரி ஓடிய மேப்பிள் மரத்தில் தட்டு ஒன்றைக் கடைந்து, நீலமோ சிவப்போ ஏற்றிய பிறகு ஆங்காங்கே கருந்திட்டு விழுந்துவிட்டால், பலரும் சாயத்தின் மீதே பழிபோடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் குறை சாயப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே, லேத்தில் மரம் சுழன்றுகொண்டிருந்தபோதே நேர்ந்திருக்கும்.

வயலினின் பின்பலகையில் வெளிச்சம் பட்டதும் அலையடிப்பதுபோல் தெரியும் வரிகள், மரத்தின் நார்கள் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து ஓடுவதால் உண்டாகின்றன. இத்தகைய மரத்தைக் கடையும்போது பரப்பில் ஓரிடத்தில் நாரின் பக்கமும், அதையடுத்த இடத்தில் நாரின் நுனியும் மாறிமாறி வெளிப்படும். நுனி சாயத்தை அதிகமாகக் குடிக்கும். வரியை எடுத்துக்காட்டும் அதே குணம்தான், நார் பிய்ந்த இடத்தையும் கரும்புள்ளியாக எடுத்துக்காட்டிவிடுகிறது.

ஆகவே முதல் தவறு, மழுங்கிய உளியால் கடைசிச் சீவலை எடுப்பது. நார் திசை மாறும் இடங்களில் மழுங்கிய உளி வெட்டுவதில்லை, பிடுங்குகிறது. அந்தப் பிடுங்கல் கண்ணுக்குத் தெரியும் ஆழத்துக்கும் கீழே இறங்கியிருக்கும் என்பதால், மேலாகத் தேய்த்து அதைப் போக்கிவிட முடியாது. கடைசிச் சுற்றுக்கு முன் உளியைப் புதிதாகச் சாணை பிடித்து, அதன் சாய்முகம் (வெட்டும் விளிம்பை ஒட்டிய சாய்ந்த பரப்பு) மரத்தில் படிந்திருக்க, காகிதம்போல் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும்.

நடுப்பகுதியைக் குடைந்து முடித்த பிறகு விளிம்புக்குத் திரும்புவதும் தவறுதான். நடுவிலுள்ள மரம் போனதும் விளிம்பு தாங்குதலின்றி அதிரத் தொடங்கும். உளி அதில் அலையலையாகத் தடம் பதிக்கும். விளிம்பை முழுமையாக முடித்துவிட்டே உள்ளே செல்லுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றால், விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 57 கி.மீ. ஆகிறது என்பதால், முகம் முழுவதையும் மறைக்கும் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் லேத்தின் முன் நிற்கவே கூடாது.

அதிகமானோர் சறுக்குவது உப்புத்தாளில்தான். தாளின் எண் கூடக்கூட அது நுண்மையாகும்; 120-ஆம் எண் தாளிலிருந்து நேரே 320-க்குத் தாவினால், முன்னதன் கீறல்கள் வட்டவட்டமாக அப்படியே தங்கிவிடும். வெறும் மரத்தில் அவை தெரியாது, சாயம் ஏறியதும் இசைத்தட்டின் கோடுகள்போல் எழுந்து நிற்கும். 120, 180, 240, 320 என்று படிப்படியாகச் செல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் லேத்தை நிறுத்தி, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே கையால் தேய்த்துவிடுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள்ளான அந்தச் சில நொடிகளில், மிச்சமிருக்கும் கீறல் ஒவ்வொன்றும் தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கிறவர்களுக்காக எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பல மணி நேர உழைப்பைக் காப்பாற்ற அது ஒரு நிமிட வேலைதான்.

நீரில் கரைந்த சாயம் நாரை எழுப்பும். முன்கூட்டியே வெறும் நீரால் நனைத்து, உலரவிட்டு, எழுந்த நாரை மென்மையாகத் தேய்த்துவிட்டால் பிறகு சொரசொரப்பு வராது. ஸ்பிரிட் சாயமோ நொடிகளில் காய்ந்துவிடுவதால், கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகள் விழும். முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் நனைக்க வேண்டும். விரிசலில் விட்ட உடனடிப் பசை பக்கத்து மரத்தில் பரவியிருந்தால், அந்த இடத்தில் சாயம் பிடிக்கவே பிடிக்காது.

வரி ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால் முதலில் கறுப்பை ஏற்றி, நன்றாக உலர்ந்த பின் தேய்த்தெடுக்க வேண்டும். நாரின் நுனிகளில் மட்டும் கறுப்பு நிற்க, இடையில் வெளுத்த மரத்தின் மீது நிறத்தை ஏற்றலாம். அரைகுறையாக உலர்ந்த நிலையில் தேய்த்தால் கறுப்பு இழுபட்டு முழுவதும் சாம்பலாகிவிடும்.

மேற்பூச்சிலும் கவனம் வேண்டும். மஞ்சளேறும் ஆளிவிதை எண்ணெய் நீலத்தைப் பச்சைப் பக்கம் தள்ளிவிடும். அரக்கு பாலிஷும் ஸ்பிரிட்டில் கரைந்தது என்பதால், ஸ்பிரிட் சாயத்தின் மேல் அதைத் துணியால் தேய்த்தால் நிறம் துணியோடு வந்துவிடும். நிறமற்ற லாக்கரை மெல்லிய படலங்களாகத் தெளிப்பதே பாதுகாப்பானது. லாக்கர் பூசினாலும் பல சாயங்கள் வெயிலில் வெளுக்கும் என்பதால், முடித்த தட்டை ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள்.