வன்னியிலிருந்து மூழ்கிய கப்பல் வரை: ஸ்கூபா மேற்பயிற்சியைத் தேடுவது எப்படி?

வன்னிக் கரையில் சுழியோடிகளுக்குப் பஞ்சமில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குகிற ஆட்கள் மன்னாரிலும் இருக்கிறார்கள், முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது, ‘ஹெர்மிஸ் கப்பலைப் போய்ப் பார்க்கலாமா, யாரிடம் பழகுவது?’ என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் கப்பலைத் தேடுவதற்கு முன்னால் பழக்குகிற ஆளைத் தேடவேண்டும். அந்தத் தேடலைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தக் கப்பல் என்று முடிவெடுங்கள்

மூழ்கிய கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சி போதாது. எது வேண்டும் என்பதை ஆழம்தான் தீர்மானிக்கும்.

நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டிப் பக்கம் கிடக்கும் சிதைவு ஆழம் குறைந்தது. புதிதாகப் பழகியவரும் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். பாசிக்குடாவுக்கு அப்பால் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் இருக்கிறது. எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே, 50 மீட்டருக்கும் கீழே. பிரிட்டிஷ் சார்ஜன்ட், ஹெர்மிஸ் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் ஒரே நாளில், 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடித்தன. வரலாற்றில் ஒரே நாள் என்றாலும், பயிற்சிக் கணக்கில் இரண்டுக்கும் இடையே வருடக்கணக்கு வித்தியாசம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், முதல் இலக்காகப் பிரிட்டிஷ் சார்ஜன்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்மிஸ் ஓடிவிடாது.

படி 2: உடம்பைக் காட்டுங்கள்

எந்தப் பள்ளியும் முதலில் ஒரு மருத்துவக் கேள்வித்தாளைத் தரும். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் வைத்தியரின் கையெழுத்து தேவைப்படலாம். வீசிங், காதுச் சவ்வில் ஓட்டை, வலிப்பு எல்லாம் அதில் வரும். நம் பகுதியில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: நெஞ்சில் செல் துண்டு பட்டவர்கள், நுரையீரலுக்குக் குழாய் வைத்து வைத்தியம் செய்தவர்கள். காயம் ஆறி வருடங்கள் போயிருக்கும், மூச்சும் நன்றாக இருக்கும். ஆனால் மேலே ஏறும்போது நுரையீரலுக்குள் காற்று விரியும். தழும்புள்ள இடத்தில் அது வெளியேற வழியில்லாமல் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்-ரே, பழைய வைத்தியத் துண்டு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

படி 3: அடிப்படைப் படிப்புகள்

இது எளிது. பேடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற எந்த உலகச் சுழியோட்டப் பயிற்சி அமைப்பின் கீழும் படிக்கலாம். வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். பேடியில் முதலாவது ஓப்பன் வாட்டர், 18 மீட்டர் வரை. அடுத்தது அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர், 30 மீட்டர் வரை. இதில் ஐந்து இறக்கங்கள், ஆழமும் திசைகாட்டியும் கட்டாயம். அதன் பிறகு ரெக் டைவர் (Wreck Diver) என்ற, மூழ்கிய கப்பல்களுக்கான சிறப்புப் பயிற்சி, நான்கு இறக்கங்கள், குறைந்த வயது 15. டீப் டைவர் என்ற ஆழப் பயிற்சியை முடித்தால் 40 மீட்டர் வரை போகலாம். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை அதுதான்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து விடுமுறைக்கு வரும் சொந்தங்களுக்கு ஒரு வழி உண்டு. பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் அங்கே முடித்து, கடல் இறக்கங்களை மட்டும் இங்கே செய்யலாம். அங்கே முடித்ததற்கு அந்தப் பள்ளி தரும் பரிந்துரைக் கடிதம் 12 மாதம் செல்லும்.

அட்டைக்கு இறங்கிப் பழகியவர்கள் ‘எனக்கு இதெல்லாம் தெரியும்’ என்று இந்தப் படியைத் தாண்டப் பார்ப்பார்கள். தாண்டவேண்டாம். கடல் தெரிந்திருப்பது பெரிய பலம்தான். ஆனால் ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கி, நினைத்த நேரத்தில் ஏறுகிற பழக்கத்தால்தான் இரத்தத்தில் நைதரசன் குமிழ் கட்டி, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகிறது.

படி 4: காலமும் இடமும்

வாடைக் காற்றும் மாரியும் ஓய்ந்து, ஏப்ரல், மே தொடங்கிச் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் தெளியும். பயிற்சி நிலையங்கள் உப்புவெளி, நிலாவெளி, பாசிக்குடாப் பக்கம் அந்தக் காலத்தில் இயங்கும். வவுனியா வந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு இறங்கலாம். மற்றக் காலத்தில் படிக்க நினைத்தால் தென்மேற்குக் கரைதான். ஹிக்கடுவையில் 1903இல் மூழ்கிய கோன்ச் என்ற எண்ணெய்க் கப்பல் 20 மீட்டர் அளவில் கிடக்கிறது. பழகுவதற்கு நல்ல இடம்.

படி 5: ஆளைத் தெரிவு செய்வது

முழுத் தேடலும் இதற்குத்தான். விலையைக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் நேரில் போய் நில்லுங்கள்.

முதலில் காற்று நிரப்பும் கம்ப்ரசரைப் பாருங்கள். அது காற்றை இழுக்கும் குழாய் எங்கே திறந்திருக்கிறது? ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் என்றால் அந்த இடமே வேண்டாம். சிலிண்டரின் கழுத்தில் அழுத்தச் சோதனைத் திகதி அடித்திருக்கும், அதையும் பாருங்கள்.

பிறகு ஆசிரியரோடு கதையுங்கள். அவருடைய உறுப்பினர் எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டு, பழக்கும் தகுதி இப்போதும் செல்லுமா என்று பார்க்கலாம். அதில் கோபப்படுகிறவரிடம் படிக்கவேண்டாம். ‘கப்பல் பயிற்சியில் கயிறு போடப் பழக்குவீர்களா?’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் உங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோக முன்பே கரையில் இரண்டு மரத்துக்கு இடையில் ரீலைக் கொடுத்துக் கயிறு கட்டவைப்பார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் கயிற்றைப் பிடித்து, கண்ணை மூடி, தடவிக்கொண்டே திரும்பி வரச் சொல்வார். கப்பலுக்குள் காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை தவறாக அடித்தாலே துருவும் சேறும் கலங்கி, கையைக் கண்ணுக்கு முன்னால் வைத்தாலும் தெரியாது. அந்த நேரத்தில் வாசலைக் காட்ட அந்தக் கயிறு ஒன்றுதான் இருக்கும்.

காற்றுக் கணக்கையும் கேளுங்கள். மேலே நிமிடத்துக்கு 20 லீட்டர் இழுக்கிறவர், 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் 80 லீட்டர் இழுப்பார். 12 லீட்டர்ச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் மொத்தம் 2,400 லீட்டர். அரை மணி நேரத்தில் காலி. உள்ளே நுழைவதென்றால் மூன்றிலொரு பங்கு போக, மூன்றிலொரு பங்கு வர, மிச்சம் அவசரத்துக்கு. அப்படிப் பார்த்தால் போவதற்குக் கிடைப்பது பத்தே நிமிடம். இந்தக் கணக்கைப் பேனையும் தாளும் எடுத்து உங்களையே போடவைக்கிற ஆசிரியர் கிடைத்தால், காசு கொஞ்சம் கூடினாலும் அவரிடமே சேருங்கள்.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழில் விளக்க ஆள் உண்டா என்று முதலே கேட்டுவையுங்கள்; புரியாமல் தலையாட்டுவது நீருக்கடியில் உதவாது. ஒரு ஆசிரியருக்கு நான்கு பேருக்கு மேல் என்றால் கப்பல் பயிற்சிக்கு நான் போகமாட்டேன்.

படி 6: ஹெர்மிஸ்தான் வேண்டும் என்றால்

அது டெக்னிகல் டைவிங், பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய சுழியோட்டம். 30 மீட்டரில் 20 நிமிடம் இருந்துவிட்டு நேரே மேலே வரலாம் என்கிறது பேடி அட்டவணை; 40 மீட்டரில் அது 9 நிமிடமாகச் சுருங்கும். ஹெர்மிஸின் ஆழத்தில் பயனுள்ள அளவு நேரம் நின்றால், ஏறும் வழியில் நின்று நின்றுதான் வரவேண்டும். சாதாரணக் காற்று அங்கே குடித்ததுபோல வெறிக்கவும் செய்யும். அதனால்தான் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ். பேடியின் டெக் 40 வகுப்பில் சேரவே வயது 18, பதிவான 30 இறக்கங்கள், நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டிய காற்று) பயிற்சி, டீப் டைவர் எல்லாம் வேண்டும். டெக் 40 முடித்தாலும் 40 மீட்டர்தான். அதற்கு மேலும் வகுப்புகள் இருக்கின்றன.

‘அட்வான்ஸ்ட் கார்ட் இருந்தால் போதும், கூட்டிப்போகிறேன்’ என்று யாராவது சொன்னால், காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

படகில் ஏற முன் கேட்கவேண்டியவை

படகில் மருத்துவ ஒட்சிசன் இருக்கிறதா? குமிழ் நோய்க்கான அழுத்த அறை எங்கே? திருகோணமலைக் கடற்படையிடம் ஒன்று உண்டு. அது இப்போது இயங்குகிறதா, யாருக்கு ஃபோன் எடுப்பது என்று நிலையத்துக்குத் தெரிந்திருக்கவேண்டும். கடைசி இறக்கத்துக்குப் பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது.

கப்பலில் இருந்து எதையும் எடுக்காதீர்கள். ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். அது அவர்களின் கல்லறை. முல்லைத்தீவுக் கரையோரப் போர்க்காலச் சிதைவுகளில் நீங்களாக இறங்கிப் பழகவும் வேண்டாம். அங்கே என்ன வெடிக்காமல் கிடக்கிறது என்று யாரும் உறுதி சொல்லமுடியாது.

சரி, ஃபோன் எடுப்பதென்றால் மார்ச்சிலேயே எடுங்கள். கடல் தெளிந்ததும் நல்ல ஆசிரியர்களின் நாட்கள் நிரம்பிவிடும். எத்தனை இறக்கம், அதிகம் போன ஆழம் எவ்வளவு, கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.